ஆட்டுப் புழுவோடு ஆறு வருஷம்

செம்மறியாட்டுப் புண்ணில் புழு எடுப்பவனுக்கு இரண்டு எதிரிகள் உண்டு: ஒன்று ஈ, இன்னொன்று ஆடு வைத்திருக்கும் மனுஷன். ஈயையாவது மன்னித்துவிடலாம், அதற்கு அது பிழைப்பு.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசராகவோ, பஸ் கண்டக்டராகவோ, பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருந்து சனங்களோடு மாரடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் படும் எரிச்சல் உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மரத்தடிப் புல்லை மேய்வதற்கென்று தோட்டத்து மேனேஜர் துரை நூற்றுச் சொச்சம் செம்மறிகளை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பிடித்து இரண்டு வார ஆட்டு வைத்தியப் பயிற்சிக்குக் கோலா குபு பாரு டவுனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வரிசை வீட்டு லயத்துச் சனங்கள் எனக்குப் 'புழு டாக்டர்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மணியம் என்பது எனக்கே மறந்துபோகும் போலிருந்தது.

வேலை கேட்பதற்குச் சின்னதுதான். பச்சையும் நீலமுமாக மினுக்கும் ஒரு ஈ இருக்கிறது. முள்கம்பி கீறினாலும், நாய் கடித்தாலும், புதுக் குட்டியின் தொப்புள் ஈரமாக இருந்தாலும் அங்கே வந்து முட்டை வைத்துவிடும். மறுநாளே புழு சதைக்குள் துளைக்க ஆரம்பிக்கும். பார்த்த அன்றே மயிரைக் கத்தரித்து, புழுவை எடுத்து, மருந்து போட்டால் ஆடு பிழைத்துக்கொள்ளும். நாலைந்து நாள் விட்டால் ஆடு போச்சு.

போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. ஆடு வருவதற்கு முன்னால் அந்தப் புல்லைக் கொன்றது, முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்த ஒன்பது பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி சரசு. எந்நேரமும் விரல் நுனிகளில் மருதாணி வைத்திருப்பாள். நானும் மடையன் மாதிரி, அழகாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புல் மருந்தால் நகம் கறுத்துக் கழன்று வருவதை மறைக்கத்தான் அந்த மருதாணி என்று தோட்டத்து டிரெசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆடு வந்ததும் பம்புகளை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். ஆனால் துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஒரு வருஷம் பார்ப்பேன். ஆடு பெருகினா ஆடு. செத்துக்கிட்டே இருந்தா மறுபடியும் பம்பு."

புரட்டாசி விரதம்

ஆடு மேய்க்கப் போட்டிருந்த பெருமாள் அண்ணன் தங்கமான மனுஷர். அதுதான் தொல்லையே. ஒரு நாள் கொட்டகைக்குப் போனால், முதுகில் புண் வந்த பெட்டையைப் பிடித்துக் கட்டிவைத்து, ஈர்க்குச்சியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை என்று பக்கத்தில் போனேன். எடுத்த புழுவையெல்லாம் பத்திரமாகப் பக்கத்து மண்ணில் விட்டுக்கொண்டிருந்தார். அவையும் நெளிந்து நெளிந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணே, மண்ணுக்குள்ள போனா ஒரு வாரத்துல அத்தனையும் ஈயா வெளிய வரும். மண்ணெண்ணெய் டின் எதுக்குக் குடுத்தேன்? அதுல போடணும்" என்று கத்தினேன். டின்னைத் திறந்து பார்த்தால் ஒரு புழுகூட இல்லை. போன வாரம் எடுத்தது எங்கே என்று கேட்டேன். அதுவும் மண்ணில்தான். அதற்கு முந்தின வாரத்ததும் அப்படித்தான். நான் ஒரு பக்கம் ஈயை ஒழிக்கப் படாத பாடு படுகிறேன், இவர் இன்னொரு பக்கம் ஈயைப் பயிர் பண்ணிக்கொண்டிருக்கிறார். நான் கத்தி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு நெற்றி நாமத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "புரட்டாசி மாசம் மணியம், உசுரைக் கொல்ல மாட்டேன். மாசம் முடியட்டும், எல்லாத்தையும் சேத்து வச்சுக் கொல்றேன்."

வாசனைக் கிடா

துரை மாதம் ஒரு முறை கொட்டகையைப் பார்வையிட வருவார். ஒரு தடவை அவர் வரும் அன்று எனக்கு முன்னாலேயே வேலை மேற்பார்க்கும் மண்டோர் கோபால் அங்கே நின்றார். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ரொம்பச் சுறுசுறுப்பு. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது, ஏனென்றால் மண்டோர் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய கிடாவுக்கு முந்தின நாளே தொடையில் புழு வைத்திருக்கிறது. மண்டோருக்குத் தெரியும். எனக்குச் சொன்னால் நான் துரையிடம் சொல்லிவிடுவேன், தன் பேர் கெட்டுப்போகும் என்று மறைத்துவிட்டார். புண் வாடை மட்டும் அடங்கவில்லை. அதற்காக வீட்டிலிருந்து முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கிடாவின் பின்பக்கம் முழுக்கக் கொட்டித் தேய்த்திருக்கிறார். துரை உள்ளே வந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார். மல்லிகை வாசனை. நேராகக் கிடாவிடம் போய்த் தொடையைத் தட்டினார். வெள்ளைப் புகை கிளம்பியது, அதற்கு அடியிலிருந்து புழுவும் விழுந்தது. நான் அந்த இடத்திலேயே செத்துவிடலாமா என்று நினைத்தேன். கிடாவைப் பிழைக்க வைக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. துரை மண்டோரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "பவுடர் போட ஆள் இருக்கு, மருந்து போட ஆள் இல்லையா?"

முனீஸ்வரன் உத்தரவு

வேலைக்காரக் குடும்பங்களும் ஒரு குட்டி வாங்கித் தோட்டத்து மந்தையோடு மேயவிடலாம் என்று ஏற்பாடு. மூன்றாம் லயத்து அஞ்சலை அக்கா ஒரு கிடாக் குட்டியை வாங்கிய அன்றே முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டார். சாமி கிடாவில் கத்தி படக் கூடாது, கத்தரி படக் கூடாது என்று வாலுக்கடியில் சாணி அப்பிக் கிடக்கும் மயிரைக்கூட வெட்ட விடவில்லை. அந்த ஈரத்துக்குத்தானே ஈ அலைகிறது. கடைசியில் புழு வைத்தேவிட்டது. அக்கா ஆட்டை மந்தைக்கு அனுப்பாமல் வீட்டுப் பின்னால் கோணி போட்டு மறைத்து வைத்திருந்தார். நாலாம் வீட்டுக்கு வாடை போய், அங்கிருந்து எனக்குச் சேதி வந்தது. ஒரு ஆடு செத்தாலும் துரை கண்ணில் அது என் ஆடுதான்.

கத்தரியோடு போனேன். அக்கா வழியை மறித்துக்கொண்டு, சாமி உத்தரவு கொடுத்தால் வெட்டிக்கொள் என்றார். உங்களுக்குத் தெரியும், ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம், அது உடம்பை உதறினால் சாமி சம்மதம். சரி, தெளியுங்கள் என்றேன். தெளித்தார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு தெளித்தார். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நின்றது. வெள்ளாடு என்றால் ஒரு சொட்டுக்கே உதறும். இது சீமைக் கிடாவின் வாரிசு, முதுகில் நாலு விரல் கனத்துக்குக் கம்பளி, தண்ணீர் தோலுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே உதற. சாமிக்கு விருப்பமில்லை என்று அக்கா அழ ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள், போன வருஷம் பொங்கல் வைக்காத குற்றம் என்றார்கள். உள்ளே புழு சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அரை மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சொம்பை வாங்கி, முனீஸ்வரா நீதான் மன்னிக்கணும் என்று கிடாவின் காதுக்குள்ளேயே ஊற்றினேன். தலை முதல் வால் வரை உதறியதில் என் சட்டையெல்லாம் மஞ்சள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா தம்பி, உன் தொல்லை தாங்காம சாமியே சரின்னுட்டாரு."

குர்பானிக்கு வந்தவர்

ஈஜோக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காசிம் பாய் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிடா கேட்டு வந்தார். குர்பானிக்கு ஊனமில்லாத ஆடாக இருக்க வேண்டும். நம் மந்தையில் ஊனமில்லாததற்கு எங்கே போவது? புழு வராமலிருக்கக் குட்டியிலேயே பாதி வாலை எடுத்துவிடுவோம். ஆபீசில் அடையாளத்துக்காகக் காதில் ஓட்டை போட்டு நம்பர் தகடு மாட்டச் சொல்வார்கள், அந்த ஓட்டையிலும் புழு வரும். பாய் பொறுமையாக ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, மயிரை விலக்கி, தழும்பு தழும்பாகப் பார்த்தார். எனக்கோ உள்ளூரப் பெருமை. ஒவ்வொரு தழும்பும் நான் காப்பாற்றிய ஆடு என்று கதை சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். இதை எப்படிப் பிழைக்க வைத்தேன் தெரியுமா, அதற்கு எத்தனை நாள் மருந்து போட்டேன் தெரியுமா என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசி ஆடு வரைக்கும் கேட்டுவிட்டுப் பாய் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்: "தம்பி, நான் கேட்டது குர்பானி ஆடு. சண்டைக்குப் போய்ட்டு வந்த பட்டாளம் எனக்கு வேணாம்லா."

மூன்று நாள்

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மழை பிடித்தது. சினை ஆடுகள் எல்லாம் ஒன்றாகக் குட்டி போடும் நேரம். ஈக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. ஒவ்வொரு குட்டிக்கும் விழுந்தவுடனே தொப்புளில் மருந்து வைக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அந்த வாரம்தான் என்னை மூன்று நாள் மறுபயிற்சிக்கு வா என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. மருந்து அலமாரிச் சாவியை மண்டோரிடம் கொடுத்து, காலிலே விழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

கோலா குபு பாருவில் அந்த மூன்று நாளும் நான் ஒரு பாடமும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் பம்பு தெரிந்தது, அதைச் சுமக்கும் சரசு தெரிந்தாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெருமாள் அண்ணன் எதிரே வந்தார். நான் போன அன்றே மண்டோர் பத்தாங் காலி என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், சாவியும் அவர் பையிலேயே போய்விட்டதாம். பதினெட்டுக் குட்டி விழுந்திருக்கிறதாம். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. துணிப் பையோடு கொட்டகைக்கு ஓடினேன்.

பதினெட்டும் பால் குடித்துக்கொண்டிருந்தன. பதினெட்டுக்கும் வயிற்றில் ஊதா நிறம். சாவி இல்லை என்று தெரிந்ததும் சரசு டிரெசரிடம் போய், பச்சைப் பிள்ளைகளின் தொப்புளுக்குத் தடவும் ஊதா மருந்தை வாங்கி வந்திருக்கிறாள். பம்பு சுமந்த ஒன்பது பேரும் முறை வைத்துக் காலையும் மாலையும் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். சரசுவின் விரல்களில் மருதாணி இல்லை. ஊதாச் சாயத்துக்கு நடுவே புது நகம் தெரிந்தது. வந்த கண்ணீரை ஆட்டின் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் துரை வந்து எண்ணிப் பார்த்தார். அவருக்கு மகா சந்தோஷம். ஆடு இனி நிரந்தரம், மந்தையை இரண்டு மடங்காக்கப் போகிறேன் என்றார். அதோடு நிறுத்தினாரா? ஈ வராமலிருக்க வாரம் ஒரு முறை கொட்டகையைச் சுற்றி ஈ மருந்து அடிக்க வேண்டும், பம்பு பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பெண்கள்தானே, ஸ்டோரைத் திறந்து எடுத்துக் கொடு என்று மண்டோரிடம் சொன்னார். நான் தோட்டத்தை விட்டு வரும் வரைக்கும் அந்தப் பம்புகள் பெண்கள் முதுகுக்குத் திரும்ப வரவில்லை. அதற்கு என் பயிற்சியோ மருந்தோ காரணமில்லை. சரசு ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் துரை முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னாள்: "தொரை, பதினெட்டுக்கும் இந்தக் கையாலதான் தொப்புள் பாத்தோம். இந்தக் கையில இப்பதான் நகம் மொளைச்சிருக்கு. பம்பு இனிமே எங்க முதுகுல ஏறாது. யாரு முதுகுலயாவது ஏத்தணும்னா, மண்டோர் முதுகு சும்மாதான் இருக்கு."

ஆறு வருஷம் புழு எடுத்ததில் எனக்கு மிஞ்சியது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வாடையும், வீட்டில் மருதாணி வைத்த விரலைக் கண்டால் அழகு என்று சொல்வதற்கு முன்னால் நகத்தைப் பிடித்துப் பார்க்கிற புத்தியும்தான்.