டிராலி பெல்ட்டைத் தைத்தவன்

தறிக்குழியில் கால் விட மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் ரயில்வேயில் சேர்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது பெரிய பேச்சு. நாலு ஊர் பார்க்கப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கிடைத்ததோ, தண்டவாளத்தைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரின் மோட்டார் டிராலியில் வேலை. காலையில் காஞ்சிபுரத்தில் கிளம்பினால் பொழுது சாய மறுபடியும் காஞ்சிபுரம்.

டிராலி வெள்ளைக்காரன் காலத்தது. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சு, அதற்கு அடியில் பெட்ரோல் எஞ்சின். எஞ்சினையும் சக்கர அச்சையும் இணைப்பது ஒரு பட்டைத் தோல் பெல்ட். மழையில் அது வழுக்கும். பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவ வேண்டும். நாளாக ஆகத் தொய்யும். ஒரு விரற்கடை வெட்டி, இரு முனைகளையும் தோல் வாரால் தைக்க வேண்டும். தையல் தடித்தால் சுற்றுக்குச் சுற்று தடதடக்கும். இளகினால் நடுவழியில் பிய்ந்துவிடும், அப்புறம் வெயிலில் தள்ள வேண்டியதுதான்.

அப்படி ஒருமுறை பிய்ந்தபோது, "நான் பாக்கறேன் சார்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி உட்கார்ந்தேன். சின்ன வயதில் அப்பாவின் தறியில் பாவு தீர்ந்ததும் புது இழையைப் பழைய இழையோடு பிணைத்துப் பழகிய விரல்கள் அல்லவா. உருளையில் படும் பக்கம் வார் நேராக ஓட, குறுக்குப் பின்னல் முழுக்க வெளிப்பக்கம் வரும்படி தைத்தேன். டிராலி சத்தமில்லாமல் ஓடியது. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றோடு மாட்டிக்கொண்டேன்.

வைகாசி கருட சேவைக்கு ஊரே திரளும். எனக்கு லீவு கிடைக்காது. பிறகு, அரக்கோணத்துக்கு ஃபிட்டராக மாற்றல் உத்தரவு வந்தது. மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டர்தான் விடவில்லை.

"நீ போயிட்டா பெல்ட்டை யாருப்பா தைக்கிறது? இன்னொருத்தனுக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ."

என்னோடு டிராலி தள்ளுபவன் ஒரு முசரவாக்கத்துக்காரன். என் வயதுதான், ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவன் தைத்தால் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பிய்ந்துவிடும். "கை வரலபா" என்று சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மழைக்காலம் போய் வெயில் வந்தது. சமைக்க வேண்டுமே என்று மனைவி சாக்கிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை தருகிறேன் வா என்று அவன் தன் ஊருக்குக் கூப்பிட்டிருந்தான், போனேன். கிணற்றடியில் உட்கார்ந்து, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைச் சாலின் தோல் வாலைத் தைத்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் நேர் வார், வெளிப்பக்கம் குறுக்குப் பின்னல். அச்சு அசல் என் தையல்.

அவன் மறைக்கவில்லை. "நீ சொல்லிக்குடுத்த மொத நாளே வந்துட்சிபா. வந்துட்சின்னு காட்டிக்கினா என்னையும் உன்ன மாதிரி கட்டிப் போட்டுடுவாங்க. நடவுக்கு லீவு வோணும், அறுப்புக்கு லீவு வோணும். நான் வரலன்னா இந்த நெலம் தரிசாப் பூடும். போய்ச் சொல்றதுன்னா சொல்லிக்கோ."

ஆத்திரத்தில் வேர்க்கடலையை வாங்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் டிராலி ஷெட்டில் இன்ஸ்பெக்டர் கேட்டார். "இன்னாபா, அவன் கத்துக்கினானா இல்லியா?"

முசரவாக்கத்துக்காரன் பெட்ரோல் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு அரக்கோணம்.

"இல்ல சார். அவனுக்குக் கை வரல."

சொன்ன வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் என்ன தர்மப் பிரபுவா? பெல்ட் வேறு அன்றைக்குத் தொய்ந்திருந்தது. அடிப்பக்கம் வேலை பார்க்க அந்த ஷெட்டில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு குழி உண்டு. தோல் வாரை எடுத்துக்கொண்டு, குழியில் கால் விட்டு உட்கார்ந்தேன்.