தட்டு தள்ளிப் போன மேசை

அக்காவுக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போன மாதங்களில் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் எங்கள் பிளாட்டில். பேக்டரி பஸ் வருவதற்குள் இரண்டு பேரும் கிளம்பியாக வேண்டும்.

"மெதுவா இழுடி, அது என்ன கயிறா?" என்பாள்.

"அப்ப மொட்டை போட்டுக்க," என்பேன். எனக்குக் காலையில் நல்ல வார்த்தை வராது.

அம்மாவோ காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "குளிச்ச ஈரத்தோட காத்தாடிக்குக் கீழ உட்கார்றா. காத்து உள்ள பூந்திருச்சு, வேற என்னா?" பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் அதையே சொல்லி ஒரு தைலம் கொடுத்தார். வீடு முழுக்கத் தைல வாடை. வலி மட்டும் போகவில்லை. லைன் சூப்பர்வைசர், இந்த மாதமும் வேலையில் பின்தங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அக்கா அதை என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

பாலத்தைத் தாண்டி அக்கரையில், பிறை என்கிற ஊரில் இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலை. அவள் கீழே லைனில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துவாள். நான் மாடியில், லைனுக்கு வேண்டிய மேசைகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள்.

அந்த வரைபடத்தில் பலகை, கால், தட்டு எல்லாம் முதலில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். இது அதிலிருந்து இவ்வளவு தூரம் என்று கட்டிப்போட்டால்தான் நிற்கும். அதன் பிறகு அது எங்கே நகர்ந்தாலும் இதுவும் அதே தூரத்தில் கூடவே போகும். ஒருநாள், லைன் மேசையில் புது விளக்கு மாட்ட வேண்டும் என்று, வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் அனுப்பிய படத்தைத் திறந்தேன். விளக்குக்கு இடம் போதவில்லை. மேசையின் முன்பின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பின்பலகை நகர்ந்தது. பாகங்கள் வைக்கிற தட்டும் அதோடு சேர்ந்து பின்னால் போனது.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

தட்டின் தூரத்தைப் பின்பலகையிலிருந்து கொடுத்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்து கை நீட்டுகிறவளிடமிருந்து யாரும் அளக்கவில்லை. போன வருடம் புது மெஷினுக்காக மேசையை அகலமாக்கியபோது தட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. அக்காவுக்கு வலி வந்ததும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் என்ஜினியரிடம் ஓடினேன். நல்ல மனுஷன்தான், ஆனால் நெட்டை.

"அது மேலேருந்து வந்த படம். நம்ம கை வைக்கக் கூடாதுலா," என்றார்.

"ஒரு தடவ கீழ வந்து உட்கார்ந்து பாருங்க சார்."

வந்தார். அக்காவின் மேசையில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, லேசாகத் தட்டைத் தொட்டார். "எட்டுதே. என்ன பிரச்சினை?"

எனக்கு வந்ததே கோபம்! "முதுக நாற்காலியில ஒட்டி உட்காருங்க சார். லைன்ல அப்படித்தான் உட்காரணும்னு உத்தரவு. முன்னால சாஞ்சா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு."

ஒட்டி உட்கார்ந்தார். இப்போது அவருடைய நீளக் கையே முழுசாக நீண்டது.

"அப்படியே எடுத்து எடுத்து வைங்க. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்."

சுற்றிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும், என் வேலையும் போகப்போகிறது என்று பயந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கொஞ்ச நேரம் எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து தோளைத் தடவிக்கொண்டார்.

"முன்விளிம்புலேருந்து தூரம் கொடுத்து மாத்தும்மா. மேல நான் பேசிக்கிறேன்." சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இவங்கள அவசரப்படுத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டுகளைக் கழற்றி, புதிதாகத் துளை போட்டு, முன்னால் தள்ளி மாட்டினார்கள். வலி உடனே போய்விடவில்லை. மெல்ல மெல்லத்தான் விட்டது. அம்மா இன்றுவரை அந்தத் தைலத்தைத்தான் புகழ்கிறாள், புகழட்டும்.

ஒருநாள் காலை வழக்கம்போல் சீப்போடு போய் நின்றேன். அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். "உங்கிட்ட மாட்டிக்கிட்டு என் முடி பாதி போச்சு. திரும்பி உட்காரு, இன்னிக்கு உனக்கு நான் பின்றேன்."

கையை நன்றாக மேலே தூக்கி, உச்சியிலிருந்து சீவினாள். வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பின்னினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன்.