நான் நிறுத்திய ஐந்து நிமிடம்

போன சனிக்கிழமை திருப்பதியில், ஒரு கல்லூரித் துறைத் தலைவரின் அறைக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். எதற்கு? நான் கொடுத்த புகார்க் கடிதத்தை நானே திருப்பி வாங்க!

என் மகள் பவித்ரா அங்கே பி.டெக். இரண்டாம் வருஷம். மதியம் இரண்டு மணிக்குக் கணக்கு வகுப்பு. புதிதாக வந்த மேடம் பாடத்தை நடுவில் நிறுத்தி, ஐந்து நிமிடம் எல்லோரையும் எழுப்பிவிடுவார். கையைத் தூக்கு, குந்து, எழு... பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ வீடியோ போட்டார்கள். என் பெண் ஏற்கெனவே கணக்கில் ஒரு பேப்பர் ஃபெயில். அவள் பெஞ்சுகளுக்கு நடுவே குந்தி எழுவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா இருப்பேனா? வாரம் தவறாமல் பத்திரிகையில் பத்தி எழுதுகிற கை! கடிதம் எழுதினேன். 'இது கல்லூரியா, ஜிம்மா?' என்று முடித்தேன். இன்னும் ஐந்து பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கினேன். மறு வாரமே அந்த ஐந்து நிமிடம் நின்றது.

பவித்ரா போனில் பொரிந்தாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? துன்னுட்டு வந்து உக்காந்தா கண்ணு சொக்கிக்கினு போவுது. எழுந்து ஆடுன பிறகுதான் போர்டுல இன்னா இருக்குதுன்னே தெரியும். நீ மட்டும் கம்பெனில கைய தூக்கினு நிக்கலாம், நாங்க நிக்கக் கூடாதா?"

"அது வேலடி. இது படிப்பு."

போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஸ்ரீசிட்டியில், கார்களுக்கு ஒயர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் லைன் லீடர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெல் அடிக்கும். எல்லோரும் எழுந்து கை காலை நீட்டி மடக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன் – ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த போனுக்கு நாலைந்து நாள் கழித்து ஓர் அவசர ஆர்டர். "இன்னிக்கு எக்சர்சைஸ் வேணாம், வேலையப் பாருங்க" என்றேன். ஒருத்தி லீவு. அவள் மெஷினில் நானே உட்கார்ந்தேன். ஒயர் நுனியில் பித்தளை முனையை வைத்து அழுத்தும் மெஷின். கையில் ஒயர், காலடியில் பெடல். மதியம் மூன்றரை இருக்கும். தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. மனசு மட்டும்... எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

"அக்கா... கை!"

பக்கத்து மெஷின் லட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல் தப்பியது. கையுறையின் நுனியைக் கவ்விக்கொண்டு நின்றது பித்தளை முனை.

இப்போதும் சோறு பிசையும்போது அந்த விரலைப் பார்த்துக்கொள்கிறேன். கவனம் போனால் என் மெஷின் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பில்? பாடம் சத்தமில்லாமல் போய்விடும். ரிசல்ட் வரும்போதுதான் தெரியும்.

துறைத் தலைவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "உங்க லெட்டர் ஸ்டாஃப் மீட்டிங்ல படிச்சோம் மேடம். அந்த லாஸ்ட் லைன்... சூப்பர்!"

இதைவிட மோசமான பாராட்டு நான் வாங்கியதில்லை. பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஏமிட்டி இது?" என்னவென்று தெலுங்கில் கேட்டார்.

சொன்னேன். பித்தளை முனையைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும், "ஆறு பேரும் வாபஸ்னு எழுதிக் குடுங்க மேடம். அப்புறம் ஆலோசிக்கலாம்" என்றார்.

என்னையும் சேர்த்து ஐந்து பேர் எழுதியாயிற்று. பாக்கி, காளஹஸ்திக்காரர் ஒருவர். "நீங்கதான மேடம் கையெழுத்து போடச் சொன்னீங்க? இப்ப நீங்களே வேணான்றீங்க... இன்னா விளையாட்டா?" என்று போனில் கத்தினார். நியாயம்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர் வீட்டுக்கே போகிறேன். கையுறை பையில் இருக்கிறது.

துறைத் தலைவர் தாராளமாக யோசிக்கட்டும். கொஞ்சம் எழுந்து நின்று யோசித்தால் சீக்கிரம் முடியும்!