கீரை வடித்த தண்ணீர்

காலையில் என் கணவர் ஒரு கிண்ணத்தில் மாதுளை முத்து, நெல்லிக்காய்த் துண்டு, அவித்த பீட்ரூட் எல்லாம் போட்டு நீட்டுகிறார். "ஆன்டி-ஆக்ஸிடன்ட்" என்கிறார், பிரசாதம் கொடுப்பவர்போல. ஐம்பதை நெருங்கும் என் உடம்புக்கு நடைப்பயிற்சி அட்டவணையும் போட்டிருக்கிறோம். அதைச் சுவரில் ஒட்டியதோடு என் உடற்பயிற்சி முடிந்தது. கிண்ணத்தையாவது காலி செய்துவிடுகிறேன். ஆனால் சத்து வீணாகக் கூடாதென்று கீரை வேகவைத்த தண்ணீரை அவர் எடுத்துவைப்பார், பாருங்கள், அதைமட்டும் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கொட்டிவிடுவேன்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாகச் சொன்ன தஞ்சாவூர் டாக்டர், சாப்பாட்டுக்குச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார். பழம், இளநீர், உப்பு கூடாது. கீரையோ காயோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் நாளைக்கு மூன்று தம்ளர். அளப்பது அம்மா, கீரைத் தண்ணீரைக் கொல்லை வாழைக்குக் கொண்டுபோய் ஊற்றுவது நான்.

பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருந்த மாமா, அம்மாவுக்கு அண்ணன். பத்திரிகையில் வரும் உடல்நலக் குறிப்புகளைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். எதிரில் யாராவது தும்மினால் போதும், ஒன்றை உருவிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீர்க் குலையும் ஒரு பை நெல்லிக்காயுமாக வந்து இறங்கினார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"டாக்டர் வேணாம்னுருக்காருண்ணே."

"வேணாம்னுதான் சொல்வாரு. ஆளு தேறிட்டா அவரு கடைய சாத்தணும்ல?"

அந்த நேரம் பார்த்து நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

"ஏ குட்டி, என்னது அது?"

"கீரை வடிச்ச தண்ணி மாமா. வாழைக்கு."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "மச்சானுக்குச் சக்கை, வாழைக்குச் சத்தா? ஏம்மா, இந்தத் தண்ணியிலதான உசுரே இருக்கு!"

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வாழையைப் பார்த்தேன். தளதளவென்று நின்றது. உள்ளே கட்டிலில் அப்பா வற்றிப்போய்க் கிடந்தார். ஒன்பது வயதுக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் பாதித் தண்ணீரைப் பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலில் ஊற்றி, மிளகுத்தூள் தூவினேன். உப்பும் போட்டேன். உப்பில்லாத சூப்பை யார் குடிப்பார்கள்?

"சூப்புப்பா. சத்து."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். கடைசிச் சொட்டை உள்ளங்கையில் தட்டி நக்கினார்.

"மிளகு போதுமாப்பா?"

"எல்லாம் போதும். நாளைக்கும் கொண்டாம்மா. அம்மாட்ட சொல்லிடாத."

இரண்டு வாரம் கொண்டுபோனேன். அப்பாவின் ஒட்டிய கன்னம் உப்பியது. "சதை போட்டுருச்சு பாத்தியா?" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாதான் அப்பாவின் காலை அழுத்தி, விரல் பதிந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அளந்துதான குடுக்குறேன், ஏன் இப்புடி வீங்குது?" மூச்சு வாங்க ஆரம்பித்த மத்தியானம், வேன் பிடித்துத் தஞ்சாவூர் கொண்டுபோனார்கள். மறுநாள் அதே வேனில் வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சூப்பு இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும் என்கிறார் டாக்டராக இருக்கும் என் நண்பர். நல்ல மனிதர், மற்றவர்களுக்காகப் பொய்யும் சொல்வார். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. அளவு எங்கே தப்பியது என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அப்பா அப்படிக் குடித்ததை என் கைப்பக்குவம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் இரவும் பகலும் சலசலத்துக்கொண்டு ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே மூன்று தம்ளரோடு கிடந்த மனிதருக்குத் தாகம் எடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.