நான் டைப் அடித்த நன்னடத்தை

1. காண்டக்ட்: குட்

எனக்கு வாய் நீளம் என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். சண்டைக்கு வரும் அப்பாக்களை நான் ஒருத்தியே சத்தம் போட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாய் எங்கே போயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஸ்கூல் ஆபீசில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன ஸ்கூல், அதில் நான் கிளார்க் கம் டைப்பிஸ்ட். ஒரு திங்கட்கிழமை பிரேயர் முடிவதற்குள் ஓர் அம்மா உள்ளே வந்தார். பெயர் கஸ்தூரி, கார்மென்ட்ஸில் டெய்லர். மகள் எங்களிடம் மூன்றாம் வகுப்பு.

"மேடம், டிராயிங் பீரியடுன்னாலே எம் பொண்ணு பாத்ரூம்ல போய் தாப்பா போட்டுக்குது. நேத்துதான் வாயத் தொறந்துச்சு. படத்த திருத்தறேன்னு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அந்த மாஸ்டரு தொடக்கூடாத எடத்துல தொடறானாம். சொன்னா ஒங்கம்மாவக் கூப்ட்டு அசிங்கப்படுத்துவேன்னானாம்."

தினமும் என் மேஜைக்கு வந்து சிரித்த முகத்தோடு சாக்பீஸ் வாங்கிப் போகிறவன் அவன். அவனா!

ஸ்கூலை நடத்தும் கரஸ்பாண்டென்டிடம் அவரைக் கூட்டிப்போனேன். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னிடம் வந்தார்.

"விமலா, அவரு ரிசைன் பண்றாரு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் அடிச்சிடு. காண்டக்ட் குட்னு போடு."

"சார், குட்டா?"

"வேற என்னம்மா போடுவ? பேட்னு போட்டா அவன் சும்மா போவானா? கலாட்டா பண்ணுவான், ஸ்கூல் பேரு நாறிப்போயிடும். அந்தப் பொண்ணுக்கும் நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குல்ல? சத்தமில்லாம போய்த் தொலையட்டும்."

கஸ்தூரியிடம், "அவன அனுப்பிட்டோம்மா, விஷயம் முடிஞ்சுது" என்றார். நான் பேப்பரும் கார்பனும் வைத்து உருட்டினேன். ரீசன் ஃபார் லீவிங்: பர்சனல். காண்டக்ட்: குட். ஒரு எழுத்துகூடத் தப்பாமல் அடித்தேன்.

2. ஒரு ஃபோன்

மூன்று வாரம் கழித்து, நகரத்தின் இன்னொரு கோடியில் பீன்யா பக்கம் ஒரு ஸ்கூலிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது அங்கத்திய ஹெச்.எம். அம்மா.

"உங்க டிராயிங் மாஸ்டர் இங்க வேலைக்கு வந்திருக்கார். பேப்பரெல்லாம் சரியா இருக்கு. ஆனா எங்ககிட்ட சின்னச் சின்னக் குழந்தைங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. ஆள் எப்படிம்மா?"

கேட்டுவிட்டார். இதைவிட நேராக ஒருவர் எப்படிக் கேட்பார்? என் எதிரே கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்திருந்தார். யாரு என்று கையாலேயே கேட்டார்.

"சர்டிஃபிகேட்ல எல்லாம் இருக்கே மேடம்" என்றேன்.

"சரிம்மா, தேங்க்ஸ்."

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீ, அதுவும் ஒரு சாமர்த்தியமா! அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பதினோரு நாள் அப்படியே ஓட்டினேன். பதினோராவது நாள் கஸ்தூரி மகளுக்கு டி.சி. வாங்க வந்தார். ஸ்கூல் கேட்டைப் பார்த்தாலே குழந்தை வாந்தி எடுக்கிறதாம். டி.சி.யில் கடைசி வரி அடித்தேன்: காண்டக்ட்: குட். அடித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அவனுக்கும் குட், அவனால் ஸ்கூலை விட்டே போகிற குழந்தைக்கும் குட்.

"அவன் இப்ப எங்க மேடம் இருக்கான்?" என்று கேட்டார் கஸ்தூரி.

"பீன்யா பக்கம். ஒரு ஸ்கூல்ல."

"ஸ்கூல்லயா?" அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே! அங்கயும் புள்ளைங்கதானே மேடம் இருக்கும்?"

அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

3. பீன்யாவில்

அந்த ஹெச்.எம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பீரோவைத் திறந்து, நான் அடித்த அந்தப் பேப்பரை மேஜையில் வைத்தார்.

"போன வியாழக்கிழமை ஒரு குழந்தை எங்கிட்ட இதயேதான்மா சொல்லுச்சு. எட்டு வயசு. நான் நம்பல. நல்ல மனுஷனப் பத்திப் பொய் சொல்றியான்னு கத்திட்டேன். அந்த ஆள் எதிர்லயே நிக்க வெச்சு, அவன்கிட்டயே சாரி கேக்க வெச்சேன்." பேப்பரைத் தட்டினார். "எங்கிட்ட இது இருந்துச்சு. ஃபோன்ல நீங்க இருந்தீங்க. நான் யார நம்புவேன், நீங்களே சொல்லுங்க?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்த அம்மா அப்போதே எழுந்து போய் அவனை வகுப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் போலீசில் கொடுத்தோம். கஸ்தூரியும் வந்து சொன்னார்.

அதற்கு முன்னால், அன்று மாலையே ஹெச்.எம்.மும் நானும் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனோம். தமிழ்க் குடும்பம், அப்பா ஃபேக்டரியில் ஹெல்பர். ஹெச்.எம். தரையில் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் சின்னப் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுவது போல் 'புட்டி' என்று கூப்பிட்டார்.

"சாரி புட்டி. மிஸ் தப்புப் பண்ணிட்டேன். இந்த ஆன்ட்டி வந்து எல்லாம் சொன்னாங்க."

குழந்தை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"நானும் அதத்தானே சொன்னேன், மிஸ்?"

கரஸ்பாண்டென்ட் மறுநாள் காட்டுக் கத்தல் கத்தினார். "யாரக் கேட்டுப் போன?" "யாரயும் கேக்கல சார். இனிமே அந்த மாதிரி ஆளுக்குக் குட்னு அடிக்கவும் மாட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. பிறகு நான் வேலை பார்த்த ஸ்கூல்களிலெல்லாம் சண்டை போட்டு இரண்டு காரியம் செய்ய வைத்தேன். எந்த மாஸ்டரும் குழந்தையைத் தனியாக வைத்துக்கொண்டு கதவைச் சாத்தக் கூடாது. ஒரு குழந்தை ஏதாவது சொன்னால், அது சொன்ன வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், திட்டக் கூடாது.

ஆபீசில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் எப்படி என்று யாராவது ஃபோனில் கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். வேலை போய்விடும் என்று நானும் பயந்தேன். வேலை போகவில்லை. நான் பயந்ததற்கு, அவனிடம் போய் சாரி கேட்டது ஓர் எட்டு வயதுக் குழந்தை.