ஒழுகாத வாளிகள்

தெருவில் அவருக்கு டேப்காரர் என்றுதான் பேர். குழாய் வேலை செய்கிறவர். கசியாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். விருந்துக்குப் போன இடத்தில் குழாய் சொட்டினால்கூடச் சாப்பாட்டை மறந்து அதைத் திருக ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் செடி வளர்க்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்?

விளையாட்டுக்குக் கிளம்பவில்லை. மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். நோயைவிட மருந்துதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சோற்று வாசனை பட்டாலே குமட்டல். உடம்பில் தெம்பு ஏறாவிட்டால் மருந்தைத் தொடர முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். என்னதான் வேண்டும் என்று இவர் கெஞ்சியபோது, "பறிச்ச கையோட புதினாவ மோந்தா ரெண்டு வாய் எறங்கும்" என்றாள். கடைப் புதினாவில் அவளுக்கு மருந்து நாற்றம்தான் அடித்தது. நானே வளர்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது மாடி பால்கனி. இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும். அங்கே புதினா, கொத்தமல்லி, தக்காளி என்று வாளி வாளியாக அடுக்கினார். செடிக்கடை வாளிகளின் அடியில் ஓட்டை இருந்ததைப் பார்த்து அவருக்கு ஆத்திரம் வந்தது. ஓட்டை வாளியைத் தலையில் கட்டிவிட்டானே! கீழ் வீட்டு அம்மாவின் துணியில் சொட்டினால் வம்பு வேறு. ஒவ்வொரு ஓட்டையையும் பசை வைத்து, ஒரு பொட்டு கசியாமல் அடைத்தார். ஒரு வாளி மட்டும் அடியில் விரிசல் விட்டு, எத்தனை முறை பூசியும் கசிந்தது. உருப்படாதது என்று திட்டி, மிஞ்சிய ஒரு புதினாத் தண்டை அதில் செருகி மூலைக்குத் தள்ளினார்.

செடிகள் முதலில் ஜோராகத்தான் வந்தன. பிறகு இலைகள் மஞ்சளடித்தன. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார். தக்காளி தலை சாய்த்தது. மேலும் ஊற்றினார். உள்ளே அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. கொஞ்ச நாளாகக் கஞ்சியைக் கிட்டே கொண்டுபோனால் அவள் குமட்டுவதுகூட இல்லை. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். அதை அவர் பார்த்தார், யோசிக்கவில்லை. முளைச்சிருச்சா என்று கேட்பாள். வந்துகொண்டே இருக்கிறது என்று பொய் சொல்வார்.

ஒருநாள் காலையில் கொத்தமல்லி மொத்தமாகப் படுத்துவிட்டது. பிடுங்கினார். வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. வாளியைக் கவிழ்த்தால் கறுப்புத் தண்ணீர், குடலைப் பிடுங்கும் நாற்றம். அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அத்தனையையும் தானே மூழ்கடித்துக் கொன்றிருக்கிறார். ஆயுசு முழுக்கப் படித்த ஒரே வித்தை இப்படிக் காலை வாரிவிட்டதே என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

அழுத கண்ணுக்கு மூலையில் பச்சை தெரிந்தது. உருப்படாத அந்த வாளியில் புதினா நின்றிருந்தது, விரல் உயரத்துக்கு. ஓர் இலையைக் கிள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"வந்துருச்சும்மா. மோந்து பாரு."

மூடிய கையை அவள் மூக்கருகே கொண்டுபோனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"நல்ல வாசனைங்க. கஞ்சி குடுங்க, குடிக்கிறேன்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையால் ஊட்டினார். இரண்டு கரண்டி இறங்கியது. இலையை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று மறு கையை விரித்தார். இலை இல்லை. வெறும் சேறுதான் ஒட்டியிருந்தது. அதன் நாற்றத்தில் அவருக்கே குமட்டியது. ஓடி வந்த அவசரத்தில் தவறவிட்ட இலை பால்கனி வாசற்படியில் கிடந்தது.

அவள் மூக்கு என்றைக்குச் செத்ததோ. இவர் மனசு உடைந்துபோகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

விரித்த கையை மறுபடி இறுக மூடினார்.

"இன்னொரு தடவ மோந்து பாரும்மா."

அவள் மோந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.