வரிசையில் பதினோராவது ஆள்

திருத்தணியில் ஹாரன் அடிக்கக் கூச்சப்படும் ஒரே ஷேர் ஆட்டோக்காரர் தணிகைவேல். வழியில் மாடு நின்றால் இறங்கிப்போய் அதனிடம் சொல்லிவிட்டு வருவார். வயது ஐம்பத்திரண்டு. அப்படிப்பட்டவர் ஒரு சினிமாவில் நிற்பதற்கு இடம் கேட்டுப் போனார்.

எமர்ஜென்சி காலத்துக் கருத்தடை முகாமைப் பற்றி, சென்னையிலிருந்து வந்த ஷோபனா படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு நெற்களத்தில் ஆண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தும் காட்சி.

"எங்கப்பா கரும்பு வெட்டிகினு இருந்தாரு மேடம், ஜீப்புல ஏத்திகினு போய்ட்டாங்க. எனக்கு அப்போ மூணு வயசு. அதோட தம்பி தங்கச்சின்னு யாரும் இல்ல. அந்த லைன்ல நான் நிக்கணும்" என்றார்.

ஷோபனா அவரைப் பதினோராவது ஆளாக நிறுத்தினாள். "படம் முடியற வரைக்கும் தலைமுடிய மட்டும் எடுத்துடாதீங்கண்ணா."

"ஆங்" என்றார்.

நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. மேடத்துக்குக் கொடுத்த வார்த்தை நினைவில்தான் இருந்தது. ஆனால் முருகனுக்குக் கொடுத்தது அதற்கும் முந்தியது. மறுநாள் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார்.

பத்தாவது ஆளாக நின்ற பாலமுருகன் விடவில்லை. "யோவ், போன ஷாட்ல முடி, இன்னிக்கி மொட்ட. கேமரா திரும்பறதுக்குள்ள மலைக்குப் போய்ட்டு வந்துட்டியா?"

"என்னை லைன்லருந்து எடுத்துடுவீங்களா மேடம்?" தணிகைவேலின் குரல் இறங்கிப் போயிருந்தது.

மற்றவர்களைப்போல அவருக்கும் ஒரு தலைத்துண்டைக் கொடுத்தாள் ஷோபனா. "இது அவுந்தா நீங்க படத்துல இல்ல."

கேமரா ஓடியது. அதிகாரியாக நடித்த இளம் பையன் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பத்தாவது ஆளைத் தாண்டினான். தணிகைவேலின் கை தானாக மேலே போனது. துண்டு இறங்கி அக்குளுக்குள் சுருண்டது. தோள் வளைந்தது. மொட்டை பளபளத்தது.

"கட்! அண்ணா, என்ன சொன்னேன்?"

"ஆபீசர் வந்துட்டாரு மேடம். அவரு எதிர்ல துண்டு கட்டிகினு எப்படி நிக்கறது? எங்கப்பா நின்னிருக்கவே மாட்டாரு."

ஷோபனா மற்ற தலைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் துண்டு. "இது உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்தான்" என்றான் பாலமுருகன். "நீங்க கட்டச் சொன்னீங்க, கட்டினோம்."

அவள் அதுவரை எடுத்ததை எல்லாம் தள்ளிவிட்டு முதலிலிருந்து எடுப்போம் என்றாள். மொட்டையோடு அவரே பதினோராவது ஆள்.

இந்தமுறை அதிகாரி நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக இறங்கியது. களத்தில் யாரும் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும், அதிகாரியாக நடித்த அந்தப் பையனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தணிகைவேலிடம் திரும்பி வந்தான்.

"முடிஞ்சிடுச்சுண்ணா. துண்டப் போட்டுக்கங்க, வெயில் கொளுத்துது."

"நீங்க போங்க சார்" என்றார் தணிகைவேல். "அப்பறம் போட்டுக்கறேன்."